ஊலைட்: எதிரில் வரும் கப்பல் என்ன வேலையாக வருகிறது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊலைட் (Oolite) என்பது கப்பலில் கிரகம் கிரகமாகப் போய் வியாபாரமும் சண்டையும் செய்யும் விண்வெளிக் கணினி விளையாட்டு. அதில் புதிதாக இறங்குபவர்கள் இரண்டு விதமாக மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் ஸ்கேனரில் எந்தப் புள்ளி தெரிந்தாலும் கொள்ளையன் என்று பயந்து ஓடி, எரிபொருளைத் தீர்த்துவிட்டு நடுவழியில் நிற்கிறார்கள். சிலர் சும்மா போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பலைச் சுட்டுவிட்டு, போலீஸ் ஏன் துரத்துகிறது என்று புரியாமல் விழிக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்தக் கப்பலைக் கணினி என்ன வேலைக்கு அனுப்பியிருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

இந்த விளையாட்டில் ஓடும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கும். அது அடுத்து என்ன செய்யும் என்பதை அந்த வேலைதான் தீர்மானிக்கிறது. கப்பலின் மாடல் பெயரை மட்டும் வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் ஓட்டும் அதே கோப்ரா மார்க் 3-ஐ வியாபாரியும் ஓட்டுவான், கொள்ளையனும் ஓட்டுவான், தலைக்கு விலை வைத்தவர்களைத் தேடி அலையும் வேட்டைக்காரனும் ஓட்டுவான்.

கீழே சொல்வதெல்லாம் விளையாட்டின் 1.80 பதிப்புக்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் பொருந்தும், கூடுதல் தொகுப்புகள் எதையும் சேர்க்காத நிலையில். தொகுப்புகள் சேர்த்தால் புதுக் கப்பல்கள், புது நிறங்கள், புது நடத்தை எல்லாம் வந்துவிடும். அடிப்படை பிடிபடும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

1. கிளம்பும் முன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

லேவ் என்ற கிரகத்தின் ஸ்டேஷனில் தொடங்கும்போது உங்களிடம் 100 கிரெடிட், ஒரு கோப்ரா மார்க் 3, முன்பக்கம் ஒரு பல்ஸ் லேசர், 3 மிஸைல், 20 டன் சரக்கு இடம், 7 ஒளியாண்டு தாவ எரிபொருள். அவ்வளவுதான். மிஸைலைத் தடுக்கும் இசிஎம் இல்லை, தப்பிக்கும் கலம் இல்லை, பின்பக்கம் லேசரும் இல்லை.

நான்கு திரைகளை மட்டும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். எஃப்5 உங்கள் நிலை: பணம், சட்டப் பதிவு, பொருத்திய கருவிகள். அதையே இன்னொரு தடவை அழுத்தினால் ஒப்புக்கொண்ட சரக்கு, பயணி, பார்சல் பட்டியல் வரும். எஃப்7 போக வேண்டிய கிரகத்தின் விவரம். எஃப்8 சந்தை. இதில் எஃப்7-ஐப் பார்க்காமல் ஜம்ப் (ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவல்) அடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. அங்கே பொருளாதாரத்துக்குப் பக்கத்தில் அரசாங்கம் என்று ஒரு வரி இருக்கும். எந்த வேலைக் கப்பல் எத்தனை வரும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

அரசாங்கம் எட்டு வகை. மோசமானதிலிருந்து வரிசையாக: அராஜகம், நிலப்பிரபுத்துவம், பல அரசுகள், சர்வாதிகாரம், கம்யூனிஸம், கூட்டமைப்பு, ஜனநாயகம், கார்ப்பரேட். கீழ்ப்படியில் கொள்ளையர் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள், போலீஸைத் தேட வேண்டியிருக்கும். மேல்படியில் போலீஸ் ரோந்து அடர்த்தி, கொள்ளையர் குறைவு. லேவ் சர்வாதிகாரம், அதாவது நடுத்தரம். பக்கத்திலேயே ஸாவோன்ஸ், லீஸ்டி இரண்டும் கார்ப்பரேட், டிசோ ஜனநாயகம். முதல் பத்துப் பயணத்தை இந்த வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதே சுற்றுவட்டாரத்தில் ரீட்க்வாட் என்று ஒன்று இருக்கிறது, அது அராஜகம். தொலைவு குறைவாக இருக்கிறதே என்று அங்கே போய்விடாதீர்கள்.

2. ஸ்கேனர் புள்ளியின் நிறத்தைப் படியுங்கள்

ஸ்கேனர் 25.6 கிலோமீட்டர் வரை காட்டும். சாதாரணக் கப்பல் மஞ்சள். உங்களை எதிரியாக நினைக்கும் கப்பல் சிவப்பு. போலீஸ் ஊதா. ஸ்டேஷன் பச்சை. பாறை, சரக்குப் பெட்டி எல்லாம் வெள்ளை. சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னினால் அது தார்காய்டு. அதைப் பற்றிக் கடைசியில்.

இதில் ஏமாற்றுவது மஞ்சள்தான். மஞ்சள் என்றால் நல்லவன் என்று பொருளில்லை. உங்கள்மீது இன்னும் கை வைக்கவில்லை, அவ்வளவுதான். கொள்ளையனும் முடிவெடுக்கும்வரை மஞ்சளாகத்தான் வருவான். மஞ்சள் சிவப்பாக மாறும்போது அவன் ஏற்கெனவே உங்களைக் குறிவைத்துவிட்டான், யோசிக்க உங்களுக்குச் சில விநாடிதான் மிச்சம். அதனால் மஞ்சளாக இருக்கும்போதே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

3. அடையாளம் கேளுங்கள், மிஸைலால் அல்ல

ஆர் விசையை அழுத்தினால் அடையாளம் காட்டும் கருவி தயாராகும். கப்பலை நடுக்குறிக்குள் கொண்டுவந்தால் பூட்டிக்கொண்டு பெயரையும் தொலைவையும் காட்டும். டி (T) விசை மிஸைலைப் பூட்டும், அதுவும் பெயரைக் காட்டும். பலர் இந்த டி-யையே அடையாளம் பார்க்கப் பயன்படுத்திப் பழகிவிடுகிறார்கள். மிஸைல் பூட்டிய நிலையில் பதற்றத்தில் எம் விசையில் விரல் பட்டால் 30 கிரெடிட் மிஸைல் ஒரு நல்ல வியாபாரிமீது போய்விடும், கூடவே உங்கள் பதிவும் கெடும். ஆர் மட்டும் போதும்.

ஸ்கேனரின் குறிவைக்கும் திறனைக் கூட்டும் கருவி ஒன்று விற்கிறது. அதைப் பொருத்தினால் பெயருக்கு அடியில் சட்டப் பதிவும் வரும்: சுத்தம், குற்றவாளி, தேடப்படுபவர். புதியவர் பட்டியலில் பலர் இதைச் சேர்ப்பதில்லை. ஒரு சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று சொல்லும் கருவி இது ஒன்றுதான், பார்த்த இடத்தில் வாங்கிவிடுங்கள்.

4. நகர்வைப் பாருங்கள்

நிறமும் பெயரும் பாதிதான். மீதியை அந்தக் கப்பல் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் எதை நோக்கிப் போகிறது என்பதிலிருந்து எடுக்க வேண்டும். ஜம்ப் முடிந்து வெளிவரும் இடத்தை விட்ச்பாயின்ட் என்பார்கள், அங்கே ஒரு மிதவை இருக்கும். அங்கிருந்து கிரகத்துக்குப் போகும் நேர்கோடுதான் நெடுஞ்சாலை. முக்கால்வாசி நடமாட்டம் அதன்மேல்தான்.

ஒரு காட்சி. விட்ச்பாயின்ட்டிலிருந்து கிளம்பிச் சிறிது தூரத்தில் முன்னால் ஐந்து மஞ்சள் புள்ளிகள். நடுவில் ஒன்று, அதன் இரு புறமும் இரண்டிரண்டு. ஐந்தும் ஒரே வேகத்தில், ஒரே திசையில், இடைவெளி மாறாமல் கிரகத்தை நோக்கி நகர்கின்றன. நடுவில் இருப்பதை ஆர் அழுத்திப் பார்த்தால் அனகோண்டா. 750 டன் ஏற்றும் அந்தப் பூதம் விளையாட்டின் வேக அளவில் 0.14-க்குமேல் போகாது. கூட இருப்பவை அதன் வேகத்துக்குத் தங்களைக் குறைத்துக்கொண்டு ஊர்கின்றன. இது வியாபாரியும் காவல் துணையும். பக்கத்தில் போனாலும் ஒன்றும் செய்யாது.

இன்னொரு காட்சி. நெடுஞ்சாலையிலிருந்து சற்றுத் தள்ளி நான்கு புள்ளிகள், எங்கும் போகாமல் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கடக்கும்போது நான்கும் ஒரே நேரத்தில் மூக்கை உங்கள் பக்கம் திருப்புகின்றன. நிறம் இன்னும் மஞ்சள்தான். ஆனால் எங்கும் போக வேண்டிய வேலை இல்லாத கப்பல் அங்கே எதற்காகக் காத்திருக்கிறது? ஆர் அழுத்தினால் மம்பா, சைட்வைண்டர், கிரைட் என்று வந்தால் இன்னும் உறுதி. இந்த மூன்றிலும் ஜம்ப் எந்திரம் கிடையாது, அதனால் தனியாக நீண்டதூர வியாபாரம் பண்ண முடியாது. ஒன்று யாருக்காவது காவலாக வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வழிமறிக்க வந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு காட்சியும் மனதில் பதிந்தால் மற்ற வேலைகளைப் பிரித்துவிடலாம்.

வியாபாரி ஸ்டேஷனுக்குள் போவான், அல்லது ஸ்டேஷனிலிருந்து வந்து ஜம்ப் அடிப்பான். பைத்தான், போவா, அனகோண்டா போன்ற பெரிய கலங்கள் பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான். அடித்தால் உதவி கேட்டுச் செய்தி அனுப்புவான். பக்கத்தில் போலீஸ் இருந்தால் ஓடி வரும். சில வியாபாரிகள் சூரியனை நோக்கிப் போவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சூரியனை உரசிப் பறந்து இலவசமாக எரிபொருள் அள்ளுகிறார்கள். 525 கிரெடிட்டுக்கு 'எரிபொருள் அள்ளி' என்ற கருவியை வாங்கினால் நீங்களும் அதைச் செய்யலாம்.

காவல் துணைக்குச் சொந்த முடிவு கிடையாது. அது தன் தலைமைக் கப்பல் சொல்வதைச் செய்யும். தலைவனை யாராவது தொட்டால் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். தலைவன் ஜம்ப் அடித்தால் அவன் விட்ட புழுத்துளையில் (ஜம்ப் அடித்த இடத்தில் திறக்கும் வழி) பின்னாலேயே நுழையும். அதனால் 'நாலில் ஒன்றை மட்டும் தட்டிவிட்டு ஓடலாம்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஷட்டில்கள் ஸ்டேஷனுக்கும் கிரகத்துக்கும் இடையே ஆளையும் பொருளையும் ஏற்றிப்போகும். உங்களுக்குத் தொந்தரவு ஒன்றே: நீங்கள் உள்ளே நுழையும் நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கும். ஸ்டேஷனிலிருந்து வெளிவந்து சரக்குப் பெட்டிகளைப் பொறுக்கும் கப்பல்களும் அப்படித்தான், எதையும் தாக்காது. சுரங்கக்காரன் பாறைக் கூட்டத்துக்கு நடுவே மெதுவாகச் சுற்றுவான். பாறை உடையும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சண்டை என்று நினைத்து ஓடிப்போகாதீர்கள்.

போலீஸ் வைப்பர்களும் அவற்றைவிட வலுவான இன்டர்செப்டர்களும் நெடுஞ்சாலையில் ரோந்து வரும். பதிவு சுத்தமாக இருந்தால் இவைதான் உங்களுக்கு இலவசப் பாதுகாப்பு. சண்டையில் ஒரு போலீஸ் கப்பலுக்கும் உங்கள் குறிக்கும் நடுவே இன்னொரு கப்பல் வந்தால் சுடுவதை நிறுத்துங்கள். தவறிய லேசர் போலீஸ்மீது படுவது வியாபாரிமீது படுவதைவிடப் பெரிய தலைவலி.

தலைவேட்டைக்காரனைப் பிரிப்பதுதான் கடினம். அவனும் கூட்டமாக வருவான், அவனும் ஆயுதம் ஏந்திய வேகமான கலத்தில் வருவான், ஸ்கேனரில் மஞ்சள்தான். வித்தியாசம், அவன் ஒரே இடத்தில் காத்துக் கிடக்காமல் போலீஸ் மாதிரி சாலையில் சுற்றுவான், சுத்தமான பதிவு உள்ளவரைத் தொட மாட்டான். உங்கள் தலைக்கு விலை இருந்தால் மட்டும்தான் அவன் உங்களுக்கு எதிரி.

இங்கேதான் பெரிய பொறி. நான்கு கப்பல் சேர்ந்து ஒரு பைத்தானை அடிப்பதைப் பார்க்கிறீர்கள். பாவம் வியாபாரி என்று உதவிக்குப் போய் நான்கில் ஒன்றைச் சுடுகிறீர்கள். அந்தப் பைத்தான் தேடப்படும் கொள்ளையன், அடிப்பவர்கள் வேட்டைக்காரர்கள் என்று பிறகு தெரிகிறது. சுத்தமான நான்கு பேர் இப்போது உங்கள்மேல் திரும்புவார்கள், உங்கள் பதிவும் கெட்டுவிடும். சண்டையில் சேரும் முன் இரண்டு பக்கத்திலும் ஒருவரையாவது ஆர் அழுத்திப் பதிவைப் பாருங்கள். பதிவு காட்டும் கருவி இல்லையென்றால் விலகிப் போங்கள், அதில் வெட்கமில்லை.

5. கொள்ளையரிடம் மாட்டினால்

கொள்ளையனுக்கு வேண்டியது உங்கள் சரக்கு. உங்களைக் கொல்வது அவனுக்கு வேலையின் ஒரு பகுதிதான், நோக்கம் அல்ல. இதை மறந்துவிடுவதால்தான் பலர் தேவையில்லாமல் சாகிறார்கள். கூட்டத்தின் தலைவன் முதலில் செய்தி அனுப்புவான்: இத்தனை சரக்குப் பெட்டி கீழே போடு, போய்விடு. திரையில் அந்தச் செய்தி வந்ததும் வாசியுங்கள், எண்ணிக்கை இருக்கும். கேட்டதைப் போட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், பொறுக்குவதில் இறங்கிவிடுவார்கள். 20 டன் உணவுப் பொருள் வைத்திருக்கும்போது பாதியைப் போட்டுவிட்டுப் போவது, கப்பலோடு எல்லாவற்றையும் இழப்பதைவிட மலிவு. கணினிகள் மாதிரி விலை கூடிய சரக்கு ஏற்றியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது மலிவான சரக்குச் சில டன் கூட ஏற்றிக்கொள்வதும் ஒரு தந்திரம். வீசும் முன் எந்தச் சரக்கு முதலில் விழும் என்று மாற்றிவைக்கும் விசை இருக்கிறது. அதை ஸ்டேஷனுக்கு வெளியே அமைதியான நேரத்தில் ஒருதடவை பழகிப் பாருங்கள். லேசர் பட்டுக்கொண்டிருக்கும்போது தேடினால் கிடைக்காது.

ஓடுவது இரண்டாவது வழி. டோரஸ் டிரைவ் உங்கள் சாதாரண வேகத்தை 32 மடங்காக்கும், ஆனால் ஸ்கேனர் எல்லைக்குள் வேறு கப்பல் இருந்தால் வேலை செய்யாது. கொள்ளையன் பக்கத்தில் இருக்கும்வரை அது செத்த பாம்பு. அங்கே கைகொடுப்பது எரிபொருள் உந்தி, 600 கிரெடிட். ஐ விசையை அழுத்திப் பிடித்தால் 7 மடங்கு வேகம். எரிபொருளைக் குடிக்கும் என்பதால் ஜம்ப் அடித்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். 7 ஒளியாண்டும் தீர்த்து வந்து சேர்ந்தால் உந்தி இருந்தும் பயனில்லை. அராஜகப் பகுதிக்கு வரும்போது குறைந்தது 2 ஒளியாண்டு மிச்சம் வரும்படி வழியை வகுத்துக்கொள்ளுங்கள்.

உந்தி இல்லாமல் வெறும் வேகத்தை நம்பி ஓடலாமா? கோப்ரா 0.35. பைத்தான் 0.20, அதனிடமிருந்து ஓடலாம். சைட்வைண்டர் 0.37, ஆஸ்ப் 0.40. இவை துரத்தினால் ஓட முடியாது, முதுகைக் காட்டினால் சுலபமான குறி ஆவீர்கள். லேசரின் எட்டும் தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள்: பல்ஸ் 12.5 கிலோமீட்டர், பீம் 15, ராணுவ லேசர் 30. கடைசி எண் ஸ்கேனர் எல்லையைவிடப் பெரிது. ஒன்றும் தெரியாத திசையிலிருந்து அடி விழுந்தால் அதற்கு இதுதான் காரணம்.

ஜம்ப் அடித்துத் தப்பலாம் என்றால் எண்ணிக்கை முடிய 15 விநாடி ஆகும். பக்கத்தில் பெரிய கப்பலோ ஸ்டேஷனோ இருந்தால் ஜம்ப் தடைபடும். ஜம்ப் வெற்றி பெற்றாலும் நீங்கள் விட்ட புழுத்துளையில் கொள்ளையரும் நுழையலாம், அதனால் மறுபக்கம் போனதும் நின்று மூச்சு வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது, சாலையிலேயே போகாமல் இருப்பது. விட்ச்பாயின்ட்டில் வந்ததும் கிரகத்துக்கு நேராகத் திருப்பாமல் பக்கவாட்டில் திருப்பி டோரஸில் சிறிது தூரம் விலகிப் போங்கள். பிறகு கிரகத்தை நோக்கி வளைந்து வாருங்கள். சாலையில் போனால் அடிக்கடி ஒரு கப்பல் குறுக்கே வந்து டோரஸை நிறுத்தும். விலகிப் போனால் தூரம் கூடினாலும் நிற்காமல் போவதால் பலமுறை நேரம் மிச்சமாகும். முன்னால் ஒரு வியாபாரி மெதுவாக ஊர்ந்து டோரஸை மறித்தாலும் இதே மருந்துதான், பின்னாலேயே தொங்காமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

6. உங்கள் பதிவைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்

கணினி ஓட்டும் கப்பல்களில் பாதி உங்களை எப்படி நடத்தும் என்பது இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. உங்கள் தலையின் விலை 0 என்றால் சுத்தம். 1 முதல் 50 வரை குற்றவாளி. 50-ஐத் தாண்டினால் தேடப்படுபவர். சிறிய எண்ணைப் போலீஸ் சில இடங்களில் கண்டும் காணாமல் விடும், ஒழுங்கான ஊர்களில் விடாது. தேடப்படுபவர் ஆகிவிட்டால் ஊதா நிறத்தைக் கண்டாலே ஓட வேண்டியதுதான், வேட்டைக்காரரும் சேர்ந்துகொள்வார்கள்.

எண் ஏறுவது பெரும்பாலும் தெரியாமல்தான். அடிமைகள், போதைப்பொருள், துப்பாக்கிகள் மூன்றில் எதை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினால் ஏறும். கொண்டுவந்து விற்பதற்கு அல்ல, கிளம்புவதற்குத்தான் தண்டனை. இது தெரியாமல் பலர் விற்கும் ஊரில் பயப்படுகிறார்கள், வாங்கும் ஊரில் நிம்மதியாகக் கிளம்புகிறார்கள்.

இன்னொரு ஓட்டை யாரும் சொல்வதில்லை. சண்டை முடிந்து மிதக்கும் தப்பிக்கும் கலத்தை நீங்கள் அள்ளினால், ஸ்டேஷனில் இறங்கும்போது உள்ளே இருந்தவருக்குக் காப்பீடு இருந்தால் அந்தப் பணம் கிடைக்கும், குற்றவாளி என்றால் பரிசு கிடைக்கும். காப்பீடும் இல்லை, குற்றமும் இல்லை என்றால்? விளையாட்டு அவரை உங்கள் சரக்கில் 1 அடிமையாகச் சேர்த்துவிடும். கவனிக்காமல் கிளம்பினால் பதிவு கெடும். கலம் அள்ளி இறங்கிய ஒவ்வொரு முறையும் எஃப்8-ஐத் திறந்து பாருங்கள்.

எண்ணைக் குறைக்கும் வழி: ஒவ்வொரு ஜம்ப்புக்கும் எண் பாதியாகும். 40 இருந்தால் அடுத்த ஊரில் 20, பிறகு 10, 5, 2, 1, 0. ஆறு ஜம்ப், அதற்குள் புதிதாக எதுவும் செய்யக் கூடாது. தப்பிக்கும் கலத்தில் குதித்தாலும் பதிவு சுத்தமாகும், ஆனால் சரக்கு போய்விடும், 1000 கிரெடிட் கலத்தையும் திரும்ப வாங்க வேண்டும்.

7. பணம் வரும் வரிசையில் என்ன வாங்குவது

இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. கணினிக் கப்பல்களைச் சமாளிப்பது என்ற கோணத்தில் இந்த வரிசை சரியாக வரும்.

சரக்கு இடத்தைப் பெரிதாக்குவது 400 கிரெடிட், 20 டன் 35 ஆகும். மற்ற எல்லாவற்றுக்கும் பணம் இதிலிருந்துதான் வரும், அதனால் முதலில் இது. அடுத்து எரிபொருள் உந்தி 600. மூன்றாவது இசிஎம் 600, வரும் சாதாரண மிஸைலை வெடிக்க வைக்கும். கடினப்படுத்திய மிஸைல் அதற்கு மசியாமல் வரலாம், அப்போது உந்திதான் கதி. பிறகு பீம் லேசர் 1000, பிறகு தப்பிக்கும் கலம் 1000. சண்டையில் விழுந்த சரக்கைப் பொறுக்க எண்ணம் இருந்தால் எரிபொருள் அள்ளி 525-ஐ முன்னால் தள்ளலாம். கூடுதல் ஆற்றல் கருவி 1500, தானாக இறக்கும் கணினி 1500, ராணுவ லேசர் 6000 எல்லாம் பிறகு.

தானாக இறக்கும் கணினியை முதலில் வாங்கிவிடாதீர்கள். ஸ்டேஷனில் இறங்குவது இரண்டு நாளில் கைவந்துவிடும். அதற்குப் போட்ட 1500-க்கு உந்தியும் இசிஎம்மும் வாங்கி மிச்சமும் இருந்திருக்கும்.

எல்லா ஊரிலும் எல்லாம் கிடைக்காது. தொழில்நுட்ப நிலை உயர்ந்த ஊரில்தான் விலை கூடிய கருவிகள் இருக்கும், அதுவும் எஃப்7-இல்தான் தெரியும். கருவி பொருத்தும்போது விளையாட்டுக் கடிகாரம் ஓடும். ஒப்பந்தம் கையில் இருக்கும்போது மறந்துவிடாதீர்கள்.

8. ஒப்பந்தம் எடுத்தால் உங்களுக்கென்றே வரும் கப்பல்கள்

ஸ்டேஷனில் எஃப்4-இல் பார்சல், பயணி, சரக்கு ஒப்பந்தங்கள் இருக்கும். பார்சலுக்கு முதல் தேவையில்லை, இடமும் பிடிக்காது. பயணிக்கு அறை வேண்டும், 825 கிரெடிட், 5 டன் இடம். சரக்கு ஒப்பந்தத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும், சொன்ன நாளுக்குள் சேர்க்காவிட்டால் கை கடிக்கும்.

தூரத்துக்குப் பொருந்தாத பெரிய கூலி தருகிறார்கள் என்றால் காரணம் இருக்கும். சில பார்சல்களையும் பயணிகளையும் தடுக்கக் கூலிக்கொலையாளிகள் காத்திருப்பார்கள், பெரும்பாலும் போய்ச்சேரும் ஊரின் விட்ச்பாயின்ட் பக்கத்தில். இவர்களிடம் சரக்கை வீசிப் பேரம் பேச முடியாது. கொள்ளையன் கேட்பான், இவர்கள் கேட்க மாட்டார்கள். இசிஎம், உந்தி இரண்டும் வரும்வரை அப்படிப்பட்ட கூலியை விட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கில் பலரும் சறுக்குவது இங்கே: ஜம்ப்புக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கம், மணிக்கணக்கில். 7 ஒளியாண்டு ஒரே தாவலில் போனால் 49 மணி. 3.5 வீதம் இரண்டு தாவல் என்றால் 12.25 இரண்டு தடவை, 24.5 மணிதான். எரிபொருள் ஒன்றே. ஆனால் நடுவில் ஒரு ஊர் வருவதால் அங்கே யார் இருப்பார்கள் என்று எஃப்7-இல் பாருங்கள். நேரம் மிச்சம் என்று அராஜகம் வழியாகத் தாவினால் அந்த மிச்சம் கொள்ளையனுக்குப் போகும்.

9. தார்காய்டு

இது எந்த வேலைப் பட்டியலிலும் சேராது. பேச்சு இல்லை, பேரம் இல்லை, பார்த்ததும் தாக்கும். ஜம்ப் தடுமாறி இரண்டு ஊர்களுக்கு நடுவே விழுந்தால் அங்கே பெரும்பாலும் இதுதான் காத்திருக்கும். பெரிய கப்பல் சின்னச் சின்னத் தார்கான்களை ஏவிவிடும். சின்னதைத் துரத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். தாய்க்கப்பலை அழித்துவிட்டால் தார்கான்கள் செயலிழந்து மிதக்கும், எரிபொருள் அள்ளிக் கருவி இருந்தால் அவற்றைப் பொறுக்கி விற்கலாம். பல்ஸ் லேசரோடு இந்தச் சண்டையில் இறங்க வேண்டாம். எரிபொருள் மிச்சம் இருந்தால் பக்கத்து ஊருக்கு ஜம்ப் எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டு, அந்த 15 விநாடியை உந்தியில் வளைந்து வளைந்து பறந்து கடத்துங்கள்.